பியானோ வாங்கப் போகிறீர்களா? முதலில் கட்டையை அழுத்திப் பாருங்கள்!

கீபோர்டு வகுப்பில் சேர்த்து ஒன்றரை, இரண்டு வருடம் ஆகியிருக்கும். பிள்ளையும் ஆசையாகத்தான் போய்வரும். திடீரென்று ஒருநாள் டீச்சர் கூப்பிட்டு, "இனிமே இந்த கீபோர்டு போதாதும்மா. வெயிட்டட் கீஸ் இருக்கிற டிஜிட்டல் பியானோ ஒண்ணு வாங்கிடுங்க" என்பார். வீட்டுக்கு வந்து செல்போனில் தேடினால் தலை சுற்றும். பார்க்க ஒரே மாதிரி இரண்டு வாத்தியங்கள். ஒன்று 12,000 ரூபாய், இன்னொன்று 45,000. "எல்லாத்துலயும்தான் சத்தம் வருது, எதுக்கு இவ்வளவு விலை?" என்று வீட்டில் கேள்வி கிளம்பும்.

நியாயமான கேள்வி. பல குடும்பங்களுக்கு 45,000 என்பது ஒரு மாதச் சம்பளம். சிலருக்கு அதற்கும் மேல். அதனால் எதற்குப் பணம் கொடுக்கிறோம், எதற்குக் கொடுக்கத் தேவையில்லை என்பதை இந்த வாரம் நிதானமாகப் பார்த்துவிடலாம்.

கட்டைக்கு எதற்குக் கனம்?

விரலால் அழுத்துகிற கீ-யைத்தான் கட்டை என்கிறேன். ஆர்மோனியக் காலத்திலிருந்து நமக்குப் பழகிய சொல்.

பியானோ என்பது உள்ளே சுத்தியல்கள் உள்ள வாத்தியம். கட்டையின் முன்பக்கத்தை அழுத்தினால், பூங்காவில் இருக்கும் சீசா பலகைபோல பின்பக்கம் எழும்பும். அது ஒரு சிறு சுத்தியலைக் கம்பியை நோக்கி எறியும். மெதுவாக அழுத்தினால் சுத்தியல் மெதுவாகப் போய்ப் படும், ஒலி மென்மையாக வரும். வேகமாக அழுத்தினால் ஒலி பெரிதாக வரும். 1700-ம் ஆண்டு வாக்கில் இத்தாலியில் ஃப்ளோரன்ஸ் நகரத்துக் கைவினைஞர் பார்தொலொமேயோ கிறிஸ்தோஃபோரி இதை உருவாக்கினார். அதற்கு முன்பு இருந்த ஹார்ப்சிகார்டு கம்பியைச் சுண்டும். விரலை எப்படி அழுத்தினாலும் ஒலி ஏறக்குறைய ஒரே அளவில்தான் வரும். இந்தப் புது வாத்தியமோ விரலின் சொல் கேட்டது. இத்தாலிய மொழியில் 'பியானோ' என்றால் மென்மையாக, 'ஃபோர்ட்டே' என்றால் உரக்க. 'பியானோஃபோர்ட்டே' என்ற முழுப்பெயர்தான் சுருங்கி பியானோ ஆனது.

சாதாரண கீபோர்டில் சுத்தியல் கிடையாது. கட்டைக்கு அடியில் ஸ்பிரிங் இருக்கும். பால்பாயின்ட் பேனாவின் பொத்தானை அழுத்திப் பாருங்கள். ஆரம்பத்தில் லேசாகவும், அழுத்த அழுத்தக் கெட்டியாகவும் இருக்கும். ஸ்பிரிங்கின் குணம் அது. சுத்தியல் உள்ள கட்டை நேர்மாறு. நின்றுகொண்டிருக்கும் ஊஞ்சலை முதல்முறை தள்ளும்போது ஒரு கனம் தெரியுமே, அப்படித் தொடக்கத்தில் ஒரு கனம். நகர ஆரம்பித்துவிட்டால் தானாகப் போகும். மெதுவாக அழுத்தினால் லேசு, வேகமாக அழுத்தினால் கனம்.

டிஜிட்டல் பியானோவில் கம்பி இல்லை. ஆனால் வெயிட்டட் கீ உள்ள மாடலில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு சிறு சுத்தியல் இருக்கும். அது எந்தக் கம்பியையும் தட்டாது. விரலுக்கு அந்தக் கனத்தைக் கொடுப்பது மட்டுமே அதன் வேலை. கட்டை எவ்வளவு வேகத்தில் இறங்கியது என்பதை சென்சார் அளந்து, அதற்குத் தகுந்த ஒலியை எழுப்பும். உங்கள் பணத்தில் பெரும்பகுதி போவது கண்ணுக்குத் தெரியாத இந்தச் சுத்தியல்களுக்குத்தான்.

இது இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஸ்பிரிங் கட்டையிலேயே பழகிய பிள்ளை, பரீட்சைக்கோ பள்ளி விழாவுக்கோ போய் நிஜ பியானோ முன்னால் உட்காரும். வீட்டில் நன்றாக வாசித்த அதே பாடம். ஆனால் மெதுவாக வாசிக்க வேண்டிய இடத்தில் பாதி ஸ்வரம் ஒலிக்கவே இல்லை. வேகமான இடத்தில் நாலாவது விரலும் சுண்டுவிரலும் சோர்ந்துபோகும். தவறு வாத்தியத்துடையது என்று பிள்ளைக்குத் தெரியாது. 'எனக்கு வாசிக்க வரல' என்றுதான் நினைக்கும். டீச்சர் விடாமல் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

எல்லோருக்கும் தேவையா?

இல்லை. பிள்ளை கற்க ஆரம்பித்து ஆறு மாதம்கூட ஆகவில்லை என்றால் அவசரப்பட வேண்டாம். விரல் வேகத்துக்கு ஏற்ப ஒலி மாறுகிற, 'டச் ரெஸ்பான்ஸ்' உள்ள 61 கட்டை கீபோர்டு அந்தக் காலத்துக்குப் போதும்.

சினிமாப் பாட்டை ரிதம் போட்டு வாசிக்க வேண்டும், இன்னிசைக் குழுவில் சேர வேண்டும், ஒரே வாத்தியத்தில் புல்லாங்குழலும் வயலினும் தவிலும் கேட்க வேண்டும் என்று ஆசைப்படும் பிள்ளைக்கு டிஜிட்டல் பியானோ ஏமாற்றமாக இருக்கும். விலை குறைந்த மாடல்களில் பத்து, பதினைந்து ஒலிகள்தான் இருக்கும். ரிதம் வசதி பெரும்பாலும் இருக்காது. கர்நாடக இசை கற்கும் பிள்ளைக்கும் இது ஒத்துவராது. கமகத்துக்காக ஸ்வரத்தை வளைக்கிற 'பிட்ச் பெண்டு' சக்கரம் கீபோர்டில்தான் கிடைக்கும்.

கிரேடு பரீட்சை எழுதும் பிள்ளை என்றால் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். லண்டன் ட்ரினிட்டி கல்லூரியின் பரீட்சைகளில் பியானோவுக்கு ஒரு பாடத்திட்டம், எலெக்ட்ரானிக் கீபோர்டுக்கு வேறொரு பாடத்திட்டம். உங்கள் பிள்ளை எதில் போகிறது என்று டீச்சரிடம் தெளிவாகக் கேளுங்கள். கீபோர்டு கிரேடு என்றால் நல்ல கீபோர்டே போதும். பியானோ கிரேடு என்றால், கனமான கட்டையைத் தள்ளிப்போடுவதில் லாபம் இல்லை.

விளம்பர வார்த்தைகளைப் படிப்பது எப்படி?

கடையிலும் இணையத்திலும் வரும் சொற்கள் கேட்க ஒன்றுபோல இருக்கும். அர்த்தம் வேறு வேறு.

'டச் சென்சிட்டிவ்' என்றால் வேகத்துக்கு ஏற்ப ஒலி மாறும் என்று மட்டுமே அர்த்தம். கட்டை ஸ்பிரிங் கட்டையாகவே இருக்கலாம்.

'பியானோ ஸ்டைல் கீஸ்' என்பது கட்டையின் வடிவத்தைச் சொல்வது. கனத்தைப் பற்றிய பேச்சு அதில் இல்லை.

'செமி வெயிட்டட்' என்றால் ஸ்பிரிங்கோடு கொஞ்சம் எடை சேர்த்தது. கீபோர்டைவிட மேல், ஆனால் பியானோ விரல் பழக்கத்துக்குப் போதாது.

'ஃபுல்லி வெயிட்டட்', 'ஹேமர் ஆக்‌ஷன்' என்பவைதான் நாம் தேடும் சொற்கள். 'கிரேடட் ஹேமர்' அல்லது 'ஸ்கேல்டு ஹேமர்' என்றிருந்தால் இன்னும் நல்லது. நிஜ பியானோவில் இடப்பக்கத்து மந்தர ஸ்தாயிக் கட்டைகள் கனமாகவும், வலப்பக்கம் போகப் போக லேசாகவும் இருக்கும். அந்த வித்தியாசத்தையும் சேர்த்துச் செய்ததற்குத்தான் இந்தப் பெயர்.

பலர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. பியானோவில் 52 வெள்ளை, 36 கறுப்பு என மொத்தம் 88 கட்டைகள். '88 கீஸ்' என்று பார்த்தவுடன் 'இதுதான் பியானோ' என்று முடிவு செய்துவிடுகிறோம். எண்ணிக்கை வேறு, கனம் வேறு. ரோலண்டின் கோ பியானோ 88 மாடலில் 88 கட்டைகளும் உண்டு, சுத்தியல் கிடையாது. அலெசிஸ் ரெசைட்டல் மாடலிலும் 88 உண்டு; அது செமி வெயிட்டட். இரண்டும் தங்கள் வேலைக்கு நல்ல வாத்தியங்கள்தான். ஆனால் டீச்சர் கேட்டது இவற்றை அல்ல.

கடையில் கால் மணி நேரம்

பட்டுப்புடவையைத் தொட்டுப் பார்க்காமல் எடுப்போமா? இதுவும் விரலால் தொட்டுப் பார்த்து வாங்க வேண்டிய பொருள்தான். பிறகு இணையத்தில் வாங்கினாலும் பரவாயில்லை, ஒருமுறையாவது வாத்தியக் கடைக்குப் பிள்ளையோடு போய்வாருங்கள். டீச்சரும் வர முடிந்தால் இன்னும் நல்லது. கடைக்காரர் முதலில் டெமோ பாட்டைப் போட்டுக் காட்டுவார். எல்லா மாடலிலும் அது இனிமையாகத்தான் இருக்கும். அதை நிறுத்தச் சொல்லிவிட்டு இவற்றைச் செய்து பாருங்கள்.

சுவிட்சை அணைத்துவிட்டு வெறும் கட்டைகளை அழுத்துங்கள். 'டக் டக்' என்ற சத்தம் எவ்வளவு, கட்டை பக்கவாட்டில் ஆடுகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

இடக்கோடிக் கட்டையையும் வலக்கோடிக் கட்டையையும் மாற்றி மாற்றி அழுத்துங்கள். கனத்தில் வித்தியாசம் தெரிய வேண்டும்.

ஒலி அளவைப் பாதியில் வைத்து, ஒரே கட்டையை மிக மென்மையாகத் தொடங்கிப் பலமாக அழுத்துவது வரை பத்துமுறை அழுத்துங்கள். ஒலி படிப்படியாக ஏற வேண்டும். மென்மை, பலம் என்று இரண்டே படிதான் கேட்கிறது என்றால் அது வேண்டாம்.

வெள்ளைக் கட்டையின் நுனியில் மட்டுமல்லாமல், உள்ளே கறுப்புக் கட்டைகளுக்கு இடையிலும் அழுத்துங்கள். நெம்புகோலின் ஆதாரத்துக்குப் பக்கத்தில் போவதால் அங்கே கொஞ்சம் கடினமாகத்தான் இருக்கும். பிள்ளையின் விரலால் சமாளிக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. ஒல்லியான மாடல்களில் இதை அவசியம் பாருங்கள்.

கடைசியாக, வகுப்பில் இப்போது வாசிக்கும் பாடத்தைப் பிள்ளையை வாசிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் ஒதுங்கி நில்லுங்கள். விலையைப் பற்றி அந்த நேரத்தில் பேச வேண்டாம். இரண்டு மூன்று மாடல்களில் இதே பாடத்தை வாசித்தால், எது கைக்கு ஒத்துவருகிறது என்று பிள்ளையே சொல்லிவிடும்.

எந்த மாடல், என்ன விலை?

கனமான கட்டை உள்ள ஆரம்ப மாடல்கள் தோராயமாக 35,000-லிருந்து 60,000 ரூபாய்க்குள் கிடைக்கின்றன. கடைக்குக் கடை, பண்டிகைக்குப் பண்டிகை விலை மாறும்.

யமஹாவில் பல ஆண்டுகளாக ஆரம்ப மாடலாக இருந்தது பி-45. எடை 11.5 கிலோ, 10 ஒலிகள். 2023-ல் அதன் இடத்துக்கு பி-145 வந்தது. பழைய மாடல் தள்ளுபடியில் கிடைத்தால் தாராளமாக யோசிக்கலாம். ரோலண்டில் எஃப்.பி-10. ஒரு கட்டைக்கு மூன்று சென்சார் இருப்பதால், கட்டை முழுதாக மேலே வருவதற்கு முன்பே மறுபடி அழுத்தினாலும் ஒலிக்கும். வேகமாக ஒரே ஸ்வரத்தைத் திருப்பி வாசிக்க உதவும். கேசியோவில் சி.டி.பி-எஸ் வரிசை. எஸ்-100 மாடலின் அகலம் 23 சென்டிமீட்டர்தான் என்பதால் சின்ன வீட்டுக்கு வசதி. ஆறு பென்டார்ச் பேட்டரியிலும் ஓடும் என்பதால் கரன்ட் போனாலும் கவலையில்லை. கோர்க் பி2-வும் இதே வகைதான். இன்னும் கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால் கவாய் இ.எஸ்-120 பார்க்கலாம்.

'பாலிஃபோனி 64, 96, 192' என்று எண்களைச் சொல்வார்கள். ஒரே நேரத்தில் எத்தனை ஒலிகள் கேட்கும் என்பதன் கணக்கு அது. இருப்பது பத்து விரல்தானே என்று தோன்றும். பெடலை மிதித்தால் முன்பு வாசித்த ஸ்வரங்களும் ஒலித்துக்கொண்டே இருக்குமே, அவையும் இந்தக் கணக்கில் சேரும். முதல் சில கிரேடுகளுக்கு 64 போதும். எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதைவிட, கைக்கு இதமான கட்டைக்குக் கொடுப்பது மேல். புளூடூத், கூடுதல் ஒலிகள், வண்ண விளக்குகள் எல்லாம் அதற்கும் பிறகுதான்.

ஒன்றை மட்டும் முதலிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் ஊரில், அல்லது பக்கத்து நகரத்திலாவது, அந்த நிறுவனத்துக்கு சர்வீஸ் சென்டர் இருக்கிறதா? பத்துப் பன்னிரண்டு கிலோ எடையும் நான்கடிக்கு மேல் நீளமும் உள்ள பொருளை கூரியரில் அனுப்பி வாங்குவது லேசான வேலை இல்லை.

விலைச்சீட்டில் இல்லாத செலவு

ஸ்டாண்டு, நாற்காலி, பெடல், ஹெட்போன் ஆகியவற்றுக்கென்று ஒரு தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள். பட்ஜெட் 50,000 என்றால் பியானோவுக்கு 42,000 என்று நினைத்துக்கொண்டு கடைக்குள் போங்கள்.

பலர் ஸ்டாண்டில் மிச்சம் பிடிக்கப் பார்த்து, டைனிங் டேபிள் மேல் வைத்துவிடுகிறார்கள். மேசையே 75 சென்டிமீட்டர் உயரம். அதன்மேல் வாத்தியத்தின் உயரமும் சேர்ந்தால் பிள்ளை தோளைத் தூக்கிக்கொண்டுதான் வாசிக்க முடியும். கட்டையின் மேற்பரப்பு தரையிலிருந்து 72, 73 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். உட்காரும்போது முழங்கை கட்டையின் மட்டத்துக்கு வர வேண்டும். 'எக்ஸ்' வடிவ ஸ்டாண்டு மலிவு, ஆனால் ஆடும்; முழங்காலும் இடிக்கும். நான்கு கால் அல்லது 'இசட்' வடிவ ஸ்டாண்டு உறுதி. நாற்காலிக்குப் புதிதாகச் செலவு செய்யாமல், உயரம் சரியாக வரும் ஸ்டூலே போதும்.

கூடவே வரும் பெடல் பெரும்பாலும் ஒரு சின்னச் சதுரப் பெட்டி. மொசைக் தரையில் வழுக்கிக்கொண்டு போகும். அடியில் ரப்பர் மேட் போடுங்கள். ஹெட்போன் போட்டு வாசித்தால் அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவில்லை என்பது பாதி உண்மைதான். கட்டை தட்டுகிற அதிர்வு தரை வழியாகக் கீழ்வீட்டுக்குப் போகும். ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் தடிமனான மேட் போட்டால் அது குறையும்.

அடாப்டரை எக்காரணம் கொண்டும் மாற்றிப் போடாதீர்கள். வோல்டேஜும் முனையும் பொருந்தாவிட்டால் மொத்த வாத்தியமும் போய்விடும். கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் ஜன்னலோரத்தில் வைக்க வேண்டாம். வாசித்து முடித்ததும் ஒரு துணியால் மூடினால் தூசிக்கும் எறும்புக்கும் பாதுகாப்பு.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

தாராளமாக. வாங்கி ஒரு வருடத்தில் மூலையில் வைக்கப்பட்ட வாத்தியங்கள் ஊரில் நிறைய உண்டு. டீச்சரிடமும் வகுப்பின் பெற்றோர் குழுவிலும் விசாரித்தாலே கிடைக்கும்.

நேரில் போய் 88 கட்டைகளையும் ஒன்றுவிடாமல் மென்மையாக அழுத்திப் பாருங்கள். நடுவில் ஏதாவது ஒரு கட்டை மட்டும் திடீரென்று உரக்கக் கத்தினாலோ, ஒலிக்காமல் போனாலோ, அடியில் இருக்கும் ரப்பர் கான்டாக்டில் தூசி படிந்திருக்கலாம். சரிசெய்யக் கூடியதுதான், அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். கட்டைகளின் உயரம் சமமாக இல்லாவிட்டாலோ, சில கட்டைகள் இறங்கும்போது மட்டும் பலமாக 'டக்' என்று இடித்தாலோ, உள்ளே தேய்மானம் அதிகம், விட்டுவிடுங்கள். ஒரிஜினல் அடாப்டரும் பெடலும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

"அதே விலைக்குப் பழைய மர பியானோவே கிடைக்கிறதே" என்று சிலர் சொல்வார்கள். சுவரோரம் வைக்கும் அப்ரைட் பியானோகூட 200 கிலோ அளவுக்கு எடை இருக்கும். நம் ஊர் ஈரக்காற்றுக்கு வருடத்தில் இரண்டு முறையாவது சுருதி சேர்க்க வேண்டும். அதற்கு ஆள் கிடைக்க வேண்டும். டியூனர் ஒருவரை அழைத்துப்போய்க் காட்டாமல் அதில் இறங்காதீர்கள்.

பாதியில் விட்டுவிட்டால்?

எல்லாப் பெற்றோர் மனதிலும் இருக்கும் பயம் இது. "ஸ்கேட்டிங் ஷூ பரண்மேல இருக்கு, கிதார் கதவுக்குப் பின்னால இருக்கு. இதுவும் அப்படி ஆயிட்டா?"

பணக் கணக்குக்கு ஒரு வழி உண்டு. பெயர் தெரிந்த நிறுவனத்தின் வெயிட்டட் பியானோவை டீச்சர்களும் மற்ற பெற்றோர்களும் தேடிக்கொண்டே இருப்பார்கள். அட்டைப்பெட்டியையும் பில்லையும் பத்திரமாக வைத்திருந்தால் விற்கும்போது கௌரவமான தொகை திரும்பி வரும். பெயர் தெரியாத மலிவு வாத்தியத்துக்கு அந்த வாய்ப்பு குறைவு.

மனக் கணக்கு வேறு. "இவ்வளவு காசு போட்டு வாங்கிக் கொடுத்தேனே, ஒருநாளாவது ஒழுங்கா உட்கார்றியா?" என்ற வாக்கியத்தை வீட்டில் யாரும் சொல்வதில்லை என்று வாங்குவதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கட்டையின் கனம் விரலுக்கு நல்லது. கடனின் கனத்தையும் அந்த விரலில் ஏற்றினால், பிள்ளை பியானோ பக்கமே வராது. இரண்டு வருடம் நன்றாக வாசித்துவிட்டு நிறுத்தினாலும், அந்த இரண்டு வருட இசை பிள்ளையோடுதான் இருக்கும்.

வாங்கி வந்தால் உள்ளறையில் ஒதுக்காமல், ஹாலில் ஆட்கள் நடமாடும் இடத்தில் வையுங்கள். பிளக்கைச் செருகியே வைத்து, சுவிட்சைத் தட்டினால் வாசிக்கலாம் என்கிற நிலையில் இருக்கட்டும். பள்ளிவிட்டு வந்ததும் யூனிஃபார்மோடு ஐந்து நிமிடம், இரவு தட்டு கழுவும் நேரத்தில் பத்து நிமிடம் என்று பிள்ளை தானாகவே போய் உட்கார ஆரம்பிக்கும். நீங்கள் அடுக்களையிலிருந்தே கேளுங்கள். முதல் வாரம் ஒலி தாறுமாறாக வரும். கை இன்னும் கனத்துக்குப் பழகவில்லை. பொறுத்திருங்கள். சில வாரங்களில், மெதுவாக வாசிக்க வேண்டிய இடம் மெதுவாகவே வரும். நாம் பணம் கொடுத்தது அதற்குத்தான்.